இடப்பக்கம் மூன்று விரல்

சேவுகம்பட்டி இளஞ்செழியனின் பழைய பிக்கப் வண்டி மறுபடியும் பட்டறைக்கு வந்து நின்றது. ஆசைக்காகத் தரையோடு தரையாகத் தாழ இறக்கிய வண்டி.

"பாய், இன்னமும் இடப்பக்கமே இழுக்குது. நாளைக்குக் கொடைக்கானல் ஏறணும், பிள்ளைகளும் வருதுக" என்று சொல்லிவிட்டு அவன் டீக்கடைக்குப் போனான்.

சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, ஸ்பிரிங் எல்லாம் மெக்கானிக் ஹக்கீமே மாட்டிய புதுசு. வழக்கம்போல டிரைவர் எடைக்கு ஒரு மணல் மூட்டையை டிரைவர் சீட்டில் வைத்து அளந்தார். மூட்டை இருந்த வலப்பக்கம் டயருக்கு மேலே இருந்த இடைவெளியில் நான்கு விரல் நுழைந்தது. ஆளில்லாத இடப்பக்கம் மூன்றுதான் நுழைந்தது.

இடப்பக்கக் கதவைத் திறந்தார். வெறும் சீட்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் தினமும் சொல்லிப் பழகிய வாய், தானாகவே "செத்த எறங்குங்க" என்றது.

இடப்பக்கம் மெல்ல உயர்ந்தது.

இளஞ்செழியன் பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நூல் பிடிச்சாப்ல போகுது பாய்!"

அவன் போனதும் ஹக்கீம் அவசரமாக ஷட்டரை இறக்கினார். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் அது ஒருமுறை அமுங்கியது. கிளப்புவதற்குள் பின்பக்கம் இன்னொரு முறை அமுங்கியது.