திருத்த வேண்டிய பேப்பர்: ஒன்று

“இன்னும் நாப்பது நிமிஷத்துல என் பொழப்பே போகப் போகுது. உனக்கு இப்பவும் சீரியல் கேக்குதா?”

ஸ்டோர் கீப்பர் போட்ட சத்தத்தில், மேஜையின் மறுமுனையில் இருந்த மனைவி ஒரு காதின் இயர்போனை மட்டும் கழற்றினாள். “கடைசி எபிசோடுங்க. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

“நான் இன்னிக்கு விட்டா நடுத்தெருதான்!”

அவர் சொன்னதில் மிகையில்லை. குழாய், வால்வு விற்கும் கம்பெனி. குடோன் புது இடத்துக்கு மாறுகிறது. அங்கே ஒரே ஒரு ஸ்டோர் கீப்பர் போதும். ஆறு மாசத்துக்கு முன்பே மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“சப்ளை செயின் பத்தி ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் இருக்கு. உங்க வேகத்துல படிக்கலாம். நல்ல மார்க்கோட சர்டிபிகேட் கொண்டு வர்றவர் இருக்கலாம். இன்னொருத்தர் கிளம்பலாம்.”

இன்னொருத்தர் என்றால் மீசை. அதே குடோனின் இரண்டாவது ஷிப்ட் ஸ்டோர் கீப்பர். மேனேஜர் பேசி முடிப்பதற்குள் போனில் கோர்ஸைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட ஆசாமி.

நம்மவர் வேகமோ, ஆமைக்கே கொட்டாவி வரவழைக்கும். தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குடோனைத் திட்டித் தீர்ப்பார். பிறகு பாட வீடியோவைப் போட்டுவிட்டுக் குறட்டை விடுவார். அது முழுதாக ஓடி முடிந்த பிறகு மனைவிதான் வந்து அணைப்பாள்.

எப்படியோ விழுந்து எழுந்து கடைசிப் படிக்கு வந்துவிட்டார். ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு குடோனின் சிக்கல்களையும் தீர்வுகளையும் எழுதுக.’ காலையிலேயே எழுதி அனுப்பியாயிற்று. திருத்துவது வாத்தியார் இல்லை, கூடப் படிக்கிறவர் ஒருவர். பெயர் காட்ட மாட்டார்கள். இவரும் இன்னொருவர் பேப்பரைத் திருத்தினால்தான் இவர் மார்க் வெளியே வரும். நாலு மணிக்குக் கோர்ஸை மூடிவிடுவார்கள்.

மனைவி எழுந்து, வாங்கி வந்த சோப்புகளை அலமாரியில் அடுக்கினாள். அடியில் இருந்த இரண்டை மட்டும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள்.

“சோப்புக்கு மாலை போடறது இப்ப ரொம்ப முக்கியம்!”

“ரப்பர் பேண்டைக் கழட்டுற அன்னிக்கே கடைக்குப் போயிடுவேன். இல்லேன்னா தலைல தண்ணிய ஊத்திக்கிட்டு, ‘சோப்பு எங்கடி’ன்னு கத்துவீங்க.”

அவர் காதில் வாங்கினால்தானே! அவள் டீ போட உள்ளே போனாள். இவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். ‘திருத்த வேண்டிய பேப்பர்: 1.’

இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘மூன்றாவது வரிசைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. எடை மெஷினின் ஒரு காலுக்கு அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.’

அவருடைய குடோன்! அந்த அட்டைப்பெட்டியை மடித்து வைத்ததே அவர்தான்.

“மீசை!” என்று பல்லைக் கடித்தார். கோர்ஸில் கடைசிவரை தாக்குப்பிடித்தது ஏழெட்டுப் பேர். அதில் அவன் பேப்பர் இவர் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது.

மேலே படித்தார். ‘கடைசிப் பத்துப் பெட்டிகளைச் சேர்த்துச் சிவப்பு நாடா கட்டுங்கள். நாடாவை அவிழ்க்கும் அன்றே ஆர்டர் போடுங்கள். தீர்ந்த பிறகு ஓட வேண்டியிருக்காது.’

இருபது வருஷமாக இவர் மண்டைக்கு எட்டாதது மூன்றே வரியில் கிடந்தது. நியாயமாகப் பார்த்தால் தொண்ணூறு. போட்டால் மீசை உள்ளே, இவர் வெளியே.

மணி மூன்று ஐம்பது. ஒரு முட்டையைப் போட்டார்.

காரணம் எழுதாமல் கம்ப்யூட்டர் விடுவதாக இல்லை. வாய்க்கு வந்ததைத் தட்டினார்: ‘எழுதியவர் குடோன் வாசலைக்கூட மிதித்ததில்லை.’ கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

அடுத்த நொடி அவருடைய மார்க் வந்தது. முப்பத்தைந்து. பாஸாக அறுபது வேண்டும். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘புலம்பல் இருக்கிறது. தீர்வு எங்கே?’

அப்படியே மேஜையில் கவிழ்ந்தார். “போச்சுடி... எல்லாம் போச்சு. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு வெச்சுக்குவான்?”

டீ கொண்டுவந்த மனைவி டம்ளரை வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள்.

“அழாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கடைசி எபிசோடுன்னு சொன்னேனே, அது சீரியல் இல்ல. உங்க கோர்ஸ்தான். நீங்க தூங்கினப்பல்லாம் நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் நானும் சேர்ந்துட்டேன்.”

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

“ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ல ஆள் எடுக்கறாங்க. இன்னிக்கே சர்டிபிகேட்டை அனுப்பிட்டா வேலை எனக்குன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வேற இடம் கிடைக்கற வரைக்கும் நான் பாத்துக்கறேன். இருங்க, மார்க் வந்துடுச்சான்னு பாக்கறேன்.”

போனை எடுத்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. ஒரு தடவை படித்தாள். நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள்.

“முட்டை போட்டிருக்காங்க...” போனை அவர் பக்கம் நீட்டினாள். “தப்பு சொல்ல முடியாதுங்க. நான் குடோன் வாசலைக்கூட மிதிச்சதில்லையே!”