நடுச்சதுரம்

எட்டு மாதங்களாக, எண்பத்தொரு வண்ணத் துணிச்சதுரங்களைக் கையாலேயே இணைத்து அவள் தைத்து முடித்த போர்வையின் நடுச்சதுரத்தை வெட்டியெடுத்து, கணவர் ஸ்கூட்டரைத் துடைத்திருந்தார்.

“ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கந்தல்துணிதானே! அதுக்கு ஏன் வானத்துக்கும் பூமிக்குமா குதிக்கிற?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஓட்டையை அடைப்பதில்லை என்று தீர்மானித்தாள். போர்வையைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவர் அலுவலகம் சென்றபின் திறந்து பார்த்தாள். நீலக்கோடு போட்ட துணியால் ஓட்டை அடைபட்டிருந்தது. இடக்கைக்காரியான அவளுடைய தையலைப் போலவே ஒவ்வொரு தையலும் இடப்புறம் சாய்ந்திருந்தது. அவளோ ஊசியைத் தொடவேயில்லை.

மாலையில் அவர் கொதித்துக்கொண்டு வந்தார். காலையில் உடுத்திச் சென்ற நீலக்கோடு போட்ட சட்டையின் முதுகில் ஒரு சதுரம் இல்லை.

“ஆபீசே சிரிக்குது! பழிவாங்கிட்டல்ல?”

“போட்டிருக்கிற சட்டையை நான் எப்படிங்க வெட்டுவேன்? அதுவும் கந்தல்துணிதானே, ஏன் குதிக்கிறீங்க?”

பீரோவைத் திறந்து காட்டினாள். நடுச்சதுரம் வியர்வையில் நனைந்திருந்தது. அவர் ஆத்திரத்தில் மூச்சு வாங்க வாங்க, அது ஏறி இறங்கியது.

அவள் சற்றுநேரம் அதைப் பார்த்தாள். கோபம் ஆறவில்லை. பீரோவைப் பூட்டினாள்.