ஓடும்போது பார்க்க வேண்டிய ஆயில்

சத்தம் நின்ற பிறகுதான் ஊர்க்காவலனுக்குத் தெரிந்தது, சாவியைத் திருப்பியது தன் கைதான் என்று.

முதலாளி வீட்டு முற்றத்தில் அந்தத் தாழ்ந்த, இரண்டு சீட் கார் செத்ததுபோல் கிடந்தது.

சின்ன முதலாளி ஹரிஷ்குமார் சொன்னது ஒன்றே ஒன்று. "ஆயில் பாருங்கண்ணே." வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஓடவிட்டபடியே இறங்கியிருந்தான்.

வீட்டுக்கு டிரைவர் தேடுகிறார்கள். இதுதான் பரீட்சை.

ஒர்க்‌ஷாப் சங்கரலிங்கம் நேற்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி ரேஸ் வண்டியில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவுக் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். அணைத்தால் ஆயில் கீழே இறங்கிவிடும். குச்சி பொய் சொல்லும்.

"ஓடணும்லே, ஓடணும். மறந்துராத."

மறக்கவில்லை. தாயில்பட்டியிலிருந்து சிவகாசி வரை பஸ்ஸில் அதையே முனகிக்கொண்டு வந்தான்.

ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். கேட்டுக்கு வெளியே நிறுத்து, அணை, சாவியை வாட்ச்மேனிடம் கொடு. வண்டி உறுமிக்கொண்டிருக்க அவன் எதையும் தொட்டதில்லை.

அந்த வேனில்தான் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வியும் வருவாள். வெடிக்கு மருந்து அடைக்கும் ரூமில் வேலை. காலையில் அவளை இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏற்றுகிறவரை அவள் உட்காரும் சீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

வீட்டு டிரைவருக்குச் சம்பளம் கூட. இது கிடைத்தால் அவள் அந்த ரூமுக்குள் போக வேண்டியதில்லை.

"ஏண்ணே அணைச்சீக?"

"பழக்கமாயிருச்சு தம்பி."

ஹரிஷ்குமார் சிரித்தான். "இது மருந்து ரூம் இல்லண்ணே. வீடு."

"மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஓடவிட்டே பாக்கேன். எனக்குத் தெரியும் தம்பி."

தெரியும் என்றபோது அவனுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"விடுங்க. இதுக்கு வேற ஆளு பாத்துக்கிறோம்." தோளில் தட்டினான். கோபமே இல்லை. "நீங்க வேன்லயே இருங்கண்ணே. தன்னால அணைக்கிற கை உங்களுக்கு. அங்கனதான் அது வேணும். அப்பாவும் உங்களத்தான் மெச்சுவாக."

மெச்சுவதை வைத்து என்ன செய்ய.

குச்சியைத் துடைக்க எடுத்திருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி வந்தான்.

தெருமுனை வருமுன் போன் அடித்தது. மாரிச்செல்வி. அவள் குரல் இப்படித் துள்ளி அவன் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"என்னங்க, போர்மேன் வீட்டுக்கே போயி நாளையிலருந்து வரலன்னு சொல்லிட்டேன். 'தப்பிச்சுட்ட மகராசி'ங்காரு. கம்பெனிக்குக் கட்டுற பருத்திச் சேலை நாலையும் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமிக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். இனி எனக்கு எதுக்கு?"

ஊர்க்காவலன் ரோட்டோரம் நின்றான்.

"நாலையுமா?" என்றான்.