கருப்பன் படுத்த கம்பளி

வெயில் சாய்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாகூர் ஏரி வாய்க்காலில் தண்ணீர் செம்பு நிறத்தில் மினுங்குகிறது. கரையில் குந்தியிருக்கும் தையலம்மாள், நாய் கருப்பன் படுத்த கம்பளியை நனைக்கப் பார்க்கிறாள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்த அவள் அண்ணன் கொண்டுவந்தது; கிழிந்தபின் நாய்க்கு என்றாகிவிட்டது. கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்துச் செத்த கருப்பனை, அவள் புருஷன் சுப்புராயன் போன வாரம் வேலியோரம் புதைத்தான். குட்டியிலிருந்தே கருப்பன் வயிற்றோடு ஒட்டித் தூங்கிய பூனை வெள்ளச்சி, அன்று முதல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது. தொண்டை கட்டிப்போய்விட்டது. கொட்டாங்கச்சியில் ஊற்றிய பாலில் எறும்புகள் மிதக்கின்றன.

"சீக்கிரம் தொவச்சிப் போடு. அதப் பாத்தா சோறு எறங்கல," என்கிறான் சுப்புராயன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. தையலம்மாள் கம்பளியை மூக்கருகே கொண்டுபோகிறாள். நாய் மயிரின் வாடை, கொல்லை மண்ணின் வாடை. அவள் கை தண்ணீருக்குள் இறங்க மறுக்கிறது. "தொவச்சா அவன் வாசனையும் பூடுமேய்யா. இந்தப் பூனைக்கு வேற இன்னா இருக்குது?" சுப்புராயன் கம்பளியை அவளிடமிருந்து வாங்கிப்போய், கருப்பன் படுத்திருந்த தாழ்வாரத்து மூலையில் தானே விரிக்கிறான். வெள்ளச்சி வருகிறது. மோந்து பார்க்கிறது. முன்னங்கால்களால் மெல்ல மிதித்துவிட்டு ஓரமாகச் சுருண்டு படுக்கிறது. கத்தல் நிற்கிறது. தையலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கம்பளியின் நடுவே, ஒரு நாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் அது படுத்திருக்கிறது.