கத்தி படாத மடிப்பு

"இதைத் திறந்து காட்டுய்யா, பார்ப்போம்!"

உதவிச் சங்கத் தலைவர் ஆண்டு மலரை மேஜைமேல் விசிறி அடித்தார்.

அச்சக முதலாளி எடுத்துப் புரட்டினார். அட்டை திறந்தது. தலைவரின் வாழ்த்துரை திறந்தது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும், மேல்விளிம்பு வெட்டுப்படாமல் தாள்கள் பிரிய மறுத்தன.

"முந்நூறும் இப்படித்தான் இருக்கு. நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துல விழா. பிள்ளைங்க, பெத்தவங்க எல்லார் கையிலயும் குடுக்கணும். கண்ணை மூடிக்கிட்டா வெட்டினீங்க?"

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தர்றேன், தலைவரே."

"தரலைன்னா இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனையும் மிதிக்க விடமாட்டேன்!"

கட்டுகளை இறக்கிப் போட்டுவிட்டுக் கார் போய்விட்டது.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாரம் அந்த மனிதரோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பசையில் ஒட்டும் கம் பைண்டிங்கா, நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின்னா? அட்டைக்குப் பளபள லேமினேஷனா, மேட்டா? இவ்வளவு மெல்லிய புத்தகத்துக்குக் கம் நிற்காது, பின்தான் சரி என்று புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அத்தனையும் பாழ்!

நேரே பைண்டிங் பகுதிக்குப் போனார். பைண்டர் அக்கா தாள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இருபது வருஷமா இங்க என்னத்தைக் கிழிச்சே? வெட்டக்கூடத் தெரியல?"

அவள் எழுந்து நின்றாள். "மடிப்பு கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு, சார்."

பெரிய தாளை மடித்து, பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்டினால்தான் பக்கங்கள் பிரியும். மேல் மடிப்பு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால் போதும், கத்தி அதைத் தொடாது.

"தானா இறங்கிச்சா, நீ இறக்கினியா?"

திட்டுவதற்காகத்தான் அப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார். பத்து, இருபது, ஐம்பது. எல்லாவற்றிலும் நடுவில் இருந்த அதே எட்டுப் பக்கத் தாள். எல்லாவற்றிலும் அதே அளவு இறக்கம், நூல் பிடித்த மாதிரி.

பத்துப் புத்தகத்தில் இருந்தால் கவனக்குறைவு எனலாம். முந்நூறிலும் ஒரே அளவாக யாருக்கும் கை தவறாது.

"வேணும்னே பண்ணியிருக்கே!"

அவள் மேஜைமேல் கிடந்த ஸ்கேலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சோறு போடுற இடத்துலயே கை வைக்கிறியே, நீயெல்லாம் மனுஷியா? நாளைல இருந்து வராதே. போ!"

"சரி, சார். ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துட்டு, அதையே சொல்லுங்க. போயிடறேன்."

முதலாளி ஸ்கேலை உள்ளே விட்டு ஆத்திரத்தோடு கிழித்தார்.

'எங்கள் கருணையில் மலரும் மொட்டுகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பள்ளிப் பிள்ளைகளின் படங்கள். முதலில் ஒரு சிறுமி. பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் போட்டிருந்தது. 'தந்தை குடிகாரர். தாய் வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறார். இவளுக்கு மாற்றுத் துணி கிடையாது. காலில் கிடக்கும் செருப்பும் நாம் தந்ததே.'

அடுத்தது ஒரு பையன். 'இவனுடைய தாய் ஓடிப்போய்விட்டார்.'

நடுப்பக்கத்தில் தலைவர் ஒரு ஜோடிச் செருப்பை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மட்டும் நன்றாகத் திறந்தது.

"நாளைக்கு இந்தப் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்திருக்கிற அத்தனை பேர் கையிலயும் இது இருக்கும், சார்."

முதலாளி அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டினார். கம்மா பின்னா என்று ஒரு வாரம் பேசியவர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி படித்ததில்லை. கோபம் மட்டும் அடங்கவில்லை. அது இப்போது யார்மேல் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"ஒட்டி இருந்தா மட்டும் அந்தத் தலைவன் விட்டுடுவானா? ஆள் வெச்சுக் கிழிச்சுக் குடுப்பான். நீ பின்னைப் பிரி. நடுவுல இருக்கிற எட்டுப் பக்கத்தையும் உருவி எடுத்துட்டுத் திரும்பப் பின் அடி."

"தலைவர் படமும் அதோட போயிடுமே, சார்?"

"போகட்டும்! அந்தாளும் போகட்டும்!"

இருவருமே உட்கார்ந்து பின் பிரித்தார்கள். பாதிக் கட்டு முடிந்தபோது, முதல் படத்தில் இருந்த சிறுமியைக் காட்டி முதலாளி கேட்டார்.

"இந்தப் பொண்ணு உனக்குச் சொந்தமா?"

"யாருன்னே தெரியாது, சார்."

"யாருன்னே தெரியாத பொண்ணுக்காகவா வேலையை விடத் துணிஞ்சே?"

அவள் நிமிரவில்லை.

"பத்து வருஷத்துக்கு முந்தி இதே மலர்ல என் பொண்ணு படம் வந்துச்சு. படம் அழகா இருக்குன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, கீழ போட்டிருந்ததைப் படிக்கல. விழாவுக்கு மறுநாள்ல இருந்து அவ பள்ளிக்கூடமே போகல."

முதலாளியின் கை நின்றுவிட்டது.

"அதுவும் நம்ம பிரஸ்ல அடிச்சதுதான், சார். நான்தான் வெட்டினேன். ஒரு பிசிறு இல்லாம வெட்டியிருக்கேன்னு நீங்ககூடப் பாராட்டினீங்க."