கதவைத் தாண்டியவள்

அந்தக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரிக்கு ரசிகர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'கதவு'. பதினோரு வருடங்களாக அவளைத் தாண்டிப் பந்து போவது குதிரைக் கொம்பு. இன்று எதிரணியின் ஒன்பதாம் நம்பர், இருபது வயதுப் பெண், இரண்டு முறை தாண்டிவிட்டாள்.

"கதவு உளுத்துப் போச்சுடோய்!" என்று கேலரி கத்தியது.

இடைவேளையில் கதவு தன் அணி மேனேஜரைப் பிடித்தாள். "சார், இந்த மேட்ச்சோட என் ஒப்பந்தம் முடியுது. அடுத்த வருஷம் நான் இருக்கேனா?"

"முதல்ல ஆடி முடி. அப்புறம் பேசலாம்."

அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'எல்லாம் அந்தச் சிறுக்கியால வந்தது' என்று பல்லைக் கடித்தாள்.

எழுபதாவது நிமிடம், ஒன்பதாம் நம்பர் மறுபடி பாய்ந்து வந்தாள். கதவு பந்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்துச் சறுக்கினாள். சிவப்பு அட்டையும் ஸ்ட்ரெச்சரும் ஒன்றாக வந்தன.

ஆட்டம் முடிந்து, மேனேஜர் உடைமாற்றும் அறைக்கு வந்தார். "அவளால இனிமே ஆடவே முடியாதாம்."

"ஆட்டம்னா அடிபடத்தான் சார் செய்யும். என் விஷயம் என்னாச்சு?"

"அவளைப் போன வாரமே அடுத்த சீசனுக்கு நம்ம டீமுக்கு எடுத்தாச்சு. சீசன் முடியறவரை வெளியே சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிட்டிருந்தேன்." ஒரு காகிதத்தை நீட்டினார். "உன்னைத் தூக்கறதாத்தான் இருந்தோம். அவ போட்ட ஒரே நிபந்தனையைப் படி."

'கதவு அக்காவுக்கும் இரண்டு வருட ஒப்பந்தம் தந்தால்தான் வருவேன். அவங்க ஆட்டத்தைப் பார்த்துத்தான் நான் பூட்ஸே போட்டேன்.'

மேனேஜர் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"ஸ்ட்ரெச்சர்ல போறப்பகூட, 'அக்கா வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க, திட்டாதீங்க'ன்னுதான் சொன்னா."