அழியாத பச்சை

வீட்டுக்கு வரும் நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். பெரியவர் மயங்கி விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். மகன்தான் குதித்தான்.

“டிஸ்சார்ஜ் ஆனதிலேருந்து ராத்திரி மாத்திரை நான்தான் கொடுக்கறேன். ஒண்ணும் ஆகலை. நேத்து ஒரு ராத்திரி நான் ஊர்ல இல்லை, நீங்க கொடுத்தீங்க. ஆளே சாஞ்சிட்டாரு!”

“டாக்டர் எழுதினதைத்தான் கொடுத்தேன் சார். பிரஷர் இறங்கலைன்னு நேத்துதான் பவரைக் கூட்டினாரு.”

“கதை விடாதீங்க. பிளாக்செயின்ல உங்க பேர்ல சிவப்பு போடறேன்.”

அவன் கம்பெனி செய்ததுதான் அது. டாக்டர், மருந்துக்கடை, நர்ஸ், வீடு, எல்லோரும் அவரவர் போனில் ஒரே கணக்கில் பதிய வேண்டும். கொடுத்தால் பச்சை. தவறினால் சிவப்பு. பதிந்தவனே நினைத்தாலும் அழிக்க முடியாது.

“தாராளமா போடுங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.”

மேசை இழுப்பறையிலிருந்து பழைய ராத்திரி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“கொடுத்தீங்களா சார்?”

மகன் அட்டையையே பார்த்தான்.

“வேலை ஜாஸ்தி... ஆபீஸ்லேருந்தே பச்சையைத் தட்டிடுவேன். அப்பாவே போட்டுப்பாருன்னு...”

“அந்தப் பச்சையை நம்பித்தான் டாக்டர் கூட்டினாரு. இன்னிக்கு ராத்திரியும் அதையே கொடுக்கச் சொல்றாரு. இன்னொரு தடவை தாங்க மாட்டாரு சார்.”

“நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்களேன்.”

“சொன்னேன். ‘எல்லாம் பச்சையா இருக்கேம்மா’ங்கறாரு. வீட்டு ஆளு யாராவது பதியணுமாம்.”

“நான் செஞ்ச பிளாக்செயின்ல என் பேர்லயே சிவப்பா? ஆபீசே சிரிக்கும் சிஸ்டர். அழிக்கவும் முடியாது.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். பதியற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மகன் போனை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

“டேய், உன் மானத்தை அப்புறம் அளந்துக்கலாம்.” கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என் போனை இங்க கொடு.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

டாக்டரிடமிருந்து உடனே பதில் வந்தது: பழைய அளவே போதும்.

நர்ஸ் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். மகன் தன் போனைத் திறந்து பார்த்தான்.

‘முந்தாநாள் வரை ராத்திரி மாத்திரை நான் போடவில்லை. கேட்டு வாங்காதது என் தப்பு.

பதிந்தவர்: நோயாளி.’